முதலாளி காணாத நீலம்

ஹியோடோ நான்கு வருஷமாக ஒரே ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்: நீல நிறத்தில் எரியாத விளக்குகளைத் தயாரிப்பது. அந்த வேலையில் அவனை மிஞ்ச ஷிகொகு தீவிலேயே ஆளில்லை. காலையில் உலையைச் சூடேற்றுவான், அம்மோனியாவைத் திறந்துவிடுவான், ஆயிரம் டிகிரியில் விரல் நகம் அளவு நீலக்கல் தகட்டின்மேல் ஒரு படலம் வளர்ப்பான், சாயங்காலம் அதற்கு மின்சாரம் கொடுப்பான். எரியாது. மறுநாள் மறுபடியும் அதே கதை.

சிவப்பு எல்.இ.டி. பிறந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. மஞ்சள் வந்தது, பச்சை என்று சொல்லிக்கொண்டு ஒரு பழுத்த பச்சையும் வந்தது. நீலம் மட்டும் யாருக்கும் மசியவில்லை. ஆயிரம் விஞ்ஞானிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளெல்லாம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, ஆளை விடு சாமி என்று ஒதுங்கிக்கொண்டன. மிச்சமிருந்த மூன்று நான்கு பிடிவாதக்காரர்களில் ஒருவன் அதே தீவின் யவத்தஹாமா ஊரில் நினோமியா விளக்குக் கம்பெனியின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தான். ரேடியோவுக்கும் சோறு வேகும் பெட்டிக்கும் சின்னச் சிவப்பு விளக்கு செய்கிற கம்பெனி. மொத்தம் அறுபது பேர். அவன் உடம்பில் அடித்த அம்மோனியா வாடைக்குச் சாப்பாட்டு அறையில் அவன் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும்.

இவ்வளவு தூரம் அவனை விட்டுவைத்தவர் முதலாளி நினோமியா. எழுபத்தாறு வயது. யுத்தம் முடிந்த கையோடு தகர டப்பாவில் படகு விளக்கு செய்து விற்று முன்னுக்கு வந்தவர். நான்கு வருஷம் முன்பு ஹியோடோ நடுங்கிக்கொண்டே போய் உலை வேண்டும் என்று கேட்டபோது, அவர் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்று முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "நான் சாகறதுக்குள்ள ஒரு நீலத்தைப் பார்த்துடணும். செய்," என்றார். அவ்வளவுதான். புதுக் கட்டடத்துக்கு வைத்திருந்த பணம் உலையாக மாறி வந்து இறங்கியது.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அந்த ஜனவரியில், தொண்ணூற்றிரண்டாம் வருஷம், முதலாளி அவனைக் கூப்பிட்டார்.

"மார்ச் முப்பத்தொண்ணு. கணக்கு வருஷம் முடியற நாள். அதுக்குள்ள நான் நீலத்தைப் பார்த்தாகணும். இல்லேன்னா உலையைக் கழட்டிடுவோம். நீ ஒசாகா கிளைக்குப் போயிடு, விற்பனைக்கு."

ஹியோடோவும் விற்பனையும்! போனில் பேசும்போது எதிரே இல்லாத ஆளுக்குக் குனிந்து வணங்கி மேஜை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொள்கிறவன் அவன். ஒசாகாக்காரர்கள் அவனை ஒரு வாரத்தில் உப்புப் போட்டு ஊறவைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. உலை போய்விட்டால் நீலமும் போய்விடும். இன்னும் ஒரே ஒரு அடிதான் பாக்கி என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்தது.

அந்த ஒரு அடியைப் பிப்ரவரியில் எடுத்து வைத்தான். அம்மோனியாவிலிருந்து வருகிற ஹைட்ரஜன் படலத்துக்குள் புகுந்து, வேண்டாத விருந்தாளி மாதிரி கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது என்பது அவன் சந்தேகம். சரி, துரத்திப் பார்ப்போமே என்று தகட்டை வெறும் நைட்ரஜனில் வைத்து இன்னொரு முறை சூடாக்கினான். ஆறியதும் சில்லாக வெட்டித் தொமியேவிடம் கொண்டுபோனான்.

தொமியே சில்லுக்குத் தங்கக் கம்பி ஒட்டுகிறவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, நுண்ணோக்கியில் பார்த்து ஒட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதிலும் கை ஆடாது. வாய் மட்டும் ஓயாமல் ஆடும். மீன் ஏலக்காரர் மகள், அந்தக் குரல் பரம்பரைச் சொத்து.

"இது எத்தனையாவது பொணம் ஹியோடோ சான்?" என்றாள் சில்லை வாங்கிக்கொண்டே.

"ஒட்டுங்க, சொல்றேன்."

ஒட்டினாள். அவனே ஸ்விட்சைப் போட்டான். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மேஜைமேல், அரிசிமணி அளவுக்கு, நீலம். ஊதாவின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த, சுத்தமான, அசல் நீலம்.

"அடி ஆத்தி," என்றாள் தொமியே. "எரியுதுய்யா!"

"என்ன நிறம்? நீங்க சொல்லுங்க. என் கண்ணை நான் நம்ப மாட்டேன்."

"நீலம்! கண்ணு தெரியலையா? நீலம், நீலம்!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். ஹியோடோ அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு வெட்கமே இல்லை. நான்கு வருஷ அழுகை, ஒரே தவணையில் வந்தது.

மறுநாள் காலை, கம்பெனி முழுக்க ரேடியோ இசைக்குத் தேகப்பயிற்சி செய்து முடித்த கையோடு, முதலாளி பின்கட்டுக்கு வந்தார். கூடவே தொழிற்சாலை மேலாளர் கிகுச்சி, பிரிவுத் தலைவர்கள் ஆறு பேர், கம்பி ஒட்டியவள் என்ற முறையில் தொமியே. முதலாளி நீங்கலாக, ஹியோடோவையும் சேர்த்தால் ஒன்பது பேர். திரையை இழுத்து மூடினார்கள். ஹியோடோ ஸ்விட்சைப் போட்டான்.

நீலம் எரிந்தது. கிகுச்சியின் மூக்கு நுனியில்கூட நீலம் படிந்திருந்தது.

முதலாளி குனிந்தார். நிமிர்ந்தார். "ஏன், இன்னும் ஸ்விட்ச் போடலையா?" என்றார்.

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் போடலைங்க முதலாளி," என்றார் கிகுச்சி சட்டென்று. முதலாளி பேச்சுக்கு மறுபேச்சு சொல்லாமலே முப்பது வருஷம் ஓட்டியவர் அவர்.

"போட்டாச்சுங்க," என்றான் ஹியோடோ.

"போட்டும் எரியலைங்க முதலாளி," என்றார் கிகுச்சி.

முதலாளி மற்றவர்களைப் பார்த்தார். "உங்களுக்கு?"

ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தது. எரியலைங்க. எரியலைங்க. எனக்கும் எரியலைங்க. ஆறு பிரிவுத் தலைவர்களும் அப்படியே. தொமியேகூட, ஆம், அந்தத் தொமியேகூட, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினாள். கடைசியாக முதலாளியின் பார்வை ஹியோடோவிடம் வந்து நின்றது. ஹியோடோ இடுப்பு வரை மடிந்து வணங்கினான்.

"மன்னிக்கணும் முதலாளி. இன்னும் எரியலைங்க."

அப்படிக் குனிந்த அவன் நெற்றியில் அந்த விளக்கின் வெளிச்சம் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

என்ன ஜென்மமடா இது என்று திட்டத் தோன்றும். திட்டுங்கள், தாராளமாக. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இல்லை என்று சொன்ன ஒன்றை, பத்துப் பேர் பார்க்க அவர் முகத்துக்கு நேரே இருக்கிறது என்று சொல்வதா? அப்படி ஒரு வாக்கியத்தை எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததே கிடையாது.

முதலாளி போன பிறகு தொமியே பிடித்துக்கொண்டாள்.

"எரியற விளக்கை எரியலன்னு சொல்லி மன்னிப்பு கேட்ட ஆளு, உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் ஹியோடோ சான்."

"நீங்களும்தானே தலையைத் தொங்கப் போட்டீங்க?"

"விளக்கை நானா கண்டுபிடிச்சேன்? நான் கம்பி ஒட்டறவ. கம்பி ஒட்டலன்னு சொல்லியிருந்தா அங்கேயே அந்த மனுஷனை ஒரு வழி பண்ணியிருப்பேன்."

ஹியோடோவுக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது பேர் இல்லை என்றால் இல்லாமல்தான் இருக்குமோ? மத்தியானம் விளக்கைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்த டோஃபு விற்கிறவரிடம் காட்டினான்.

"இது என்ன நிறம்னு சொல்லுங்க?"

"நீலம். எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. ரெண்டு டோஃபு கொடுங்க."

மங்கலாக இருக்கிறது, அதுதான் முதலாளிக்குப் பிடிபடவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். மூன்று வாரம் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போனான். படலத்தைத் திருத்தினான், சூட்டைத் திருத்தினான். வெளிச்சம் இரண்டு மடங்கானது, மூன்று மடங்கானது. மார்ச் ஒன்பதாம் தேதி இரண்டாவது பார்வை. அதே ஒன்பது பேர், அதே திரை. முதலாளி குனிந்தார், நிமிர்ந்தார், பெருமூச்சு விட்டார்.

"எரியுதா கிகுச்சி?"

"எரியலைங்க முதலாளி," என்றார் கிகுச்சி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவருக்குக் கூசியது.

விஷயம் விளங்கியது ஒரு கைக்குட்டையால். மார்ச் பதினாலாம் தேதி எங்கள் ஆண்கள் பெண்களுக்குப் பதில் பரிசு கொடுக்கிற நாள். பிப்ரவரியில் பெண்கள் கொடுத்த சாக்லேட்டுக்கு வெள்ளையாக ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலாளி இந்த வேலையை யாரிடமும் விடமாட்டார். தானே கடைத்தெருவுக்குப் போய்ப் பதினோரு கைக்குட்டை பொறுக்கி எடுத்து, தன் கையாலேயே ஒவ்வொருத்திக்கும் கொடுத்தார்.

"வெள்ளைன்னா இதுதான் வெள்ளை. ஒரு பொட்டுக் கறை இருக்காது, பாருங்க," என்றார் பெருமையாக.

பதினொன்றில் ஏழு இளநீலம். பதினோரு பெண்களும் குனிந்து, ஆகா என்ன வெள்ளை என்றார்கள்.

தொமியே தன் கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவந்து ஹியோடோவின் மேஜைமேல் விரித்தாள். "இது என்ன நிறம்?"

"நீலம்."

"முதலாளி வெள்ளைங்கறாரு. ஹியோடோ சான், உங்க விளக்குல ஒண்ணும் இல்ல. அவரு கண்ணுலதான் இருக்கு. என் மாமனாருக்கும் இப்படித்தான். நீலச் சட்டையைக் கறுப்புன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டு சாவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டாரு, நாங்க எங்க மூஞ்சியைக் கொண்டுபோய் வைக்கறது? டாக்டர் பார்த்துட்டு கண்புரைன்னாரு. கண்ணுக்குள்ள வறுத்த பார்லி டீ ஊத்தின மாதிரி மஞ்சளாயிடுமாம். சிவப்பு தெரியும், மஞ்சள் தெரியும், நீலம் மட்டும் உள்ள நுழையாது."

"ஆனா முதலாளி கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கறாரே?"

"அதுவும் அந்தப் புரையோட வேலைதானாம்! சில பேருக்கு முத்தறப்போ கிட்டத்துல இருக்கறது நல்லாத் தெரியும். என் மாமனாரும் அப்படித்தான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரு."

ஹியோடோ கைக்குட்டையை எடுத்து மடித்தான். தினமும் காலைக் கூட்டத்தில் முதலாளி செய்தித்தாளின் பொடி எழுத்தைக் கண்ணாடியில்லாமல் உரக்கப் படித்துக் காட்டுவதும், அறுபது பேரும் கைதட்டுவதும் நினைவுக்கு வந்தன. கிழவர் சாவதற்குள் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு நிறம். அது அவர் மூக்குக்குக் கீழே எரிகிறது, அவருக்கு மட்டும் இல்லை. ஹியோடோவுக்குத் தன் ஒசாகா பயம்கூட மறந்துபோயிற்று.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் தொமியே.

"நீங்க சொல்லுங்களேன்?"

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

கடைசியில் இரண்டு பேரும் கிகுச்சியிடம் போனார்கள். கேட்டதும் கிகுச்சிக்கு வியர்த்துவிட்டது. முதலாளி கண்ணைப் பற்றி முதலாளியிடமே சொல்வதா? சிவ சிவா என்று காதைப் பொத்திக்கொள்ளாத குறை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. முதலாளியிடம் யாரும் எதுவும் சொல்லாமலே காரியம் நடக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எல்லாருக்கும் கண் பரிசோதனைன்னு ஒரு மனு போடுவோம். அறுபது பேருக்கும். முதலாளியும் அதுல ஒருத்தர். தனியா அவரை யாரும் சொன்ன மாதிரி இருக்காது பாருங்க."

மனு கிளம்பியது. கீழிருந்து மேல்வரை ஏழு மேஜை, கையெழுத்துக்குப் பதில் ஏழு முத்திரை. எங்கள் ஆபீசில் முத்திரையைக்கூட நிமிர்த்திக் குத்தமாட்டார்கள். மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்து வணங்குகிற மாதிரி இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்துவார்கள். கிகுச்சியின் முத்திரை சாய்ந்திருந்த சாய்வில் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. இப்படி வணங்கி வணங்கி அந்தக் காகிதம் முதலாளியிடம் போய்ச் சேர ஒன்பது நாள் பிடித்தது.

முதலாளி மகிழ்ந்துபோய் நடுவில் ஒரு குத்துக் குத்தினார். "நல்ல யோசனை. இந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கண்ணே சரியில்ல," என்றார்.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி டாக்டரும் நர்சும் வந்தார்கள். வரிசை நின்றது. முதலாளி பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பினார். கிகுச்சி உள்ளே போகும்போது தன் கண்ணில் ஏதாவது பெரிய கோளாறு இருக்கவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். இருந்தால், அன்றைக்கு எரியவில்லை என்று சொன்னதற்கு ஒரு சாக்காவது மிஞ்சும். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிப்பட்ட கண்ணை நான் பார்த்ததே இல்லை என்று பாராட்டி அனுப்பினார். கிகுச்சி முகம் செத்துப்போய் வெளியே வந்தார்.

எல்லோரும் முடிந்து முதலாளியின் முறை வந்தது.

"எனக்கெதுக்குங்க?" என்றார் முதலாளி. நர்சின் கையிலிருந்த சொட்டு மருந்துப் புட்டியை வாங்கி, அதன் லேபிளில் இருந்த எறும்பு எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினார். நர்ஸ் கைதட்டினாள். அறுபது பேரும் கைதட்டினார்கள். ஹியோடோவும் தட்டினான், வேறென்ன செய்வான்?

டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறு நாள் இருந்தது.

அந்த ஆறு நாளில் ஹியோடோ ஒரு புது விளக்கு செய்தான். முந்தினதைவிடப் பிரகாசம். செய்யும்போதே சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இனி சூரியனையே நீலமாக்கினாலும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் கை நிற்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்று. காலை பத்து மணிக்கு நாலு பேர் ஸ்பேனரோடு பின்கட்டுக்கு வந்து நின்றார்கள். கிகுச்சி கழற்றவேண்டிய பாகங்களின் பட்டியலோடு வந்தார். இருநூற்றுப் பதினான்கு பாகம். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதென்று ஒவ்வொரு பெயரின் மேலும் மஞ்சள் ஹைலைட்டரால் அழுத்தமாகக் கோடு போட்டிருந்தார். பிரிவுத் தலைவர்களும் தொமியேயும் பின்தொடர, முதலாளி ஒரு கையில் உப்பும் ஒரு கையில் சாக்கே என்கிற அரிசி மது பாட்டிலுமாக வந்தார். உழைத்த இயந்திரத்துக்கு நன்றி சொல்லாமல் அனுப்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"நீயும் உழைச்ச, இதுவும் உழைச்சுது," என்றார் ஹியோடோவிடம். "கொடுத்து வைக்கல, என்ன பண்றது?"

"கடைசியா ஒரு தடவை பார்க்கணும் முதலாளி," என்றான் ஹியோடோ.

"பார்த்தா போச்சு."

திரையை இழுத்தார்கள். ஸ்பேனர்காரர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஹியோடோ விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான். அறை முழுக்க நீலம் பரவியது. ஸ்பேனர்காரன் ஒருவன் தன்னை மறந்து, "ஓ!" என்றான். கிகுச்சி திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

முதலாளி வழக்கம்போல நிமிர்ந்து, வழக்கம்போலப் பெருமூச்சு விடப்போனார்.

"முதலாளி, விளக்கு எரியுது," என்றான் ஹியோடோ.

அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"எங்க?"

"இதோ, என் கையில. நீலமா எரியுது. பிப்ரவரியிலயே எரிஞ்சுது. நான் பொய் சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியலையே?"

"உங்க கண்ணுல கோளாறு இருக்கு முதலாளி."

தொமியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியின் முகம் சிவந்தது. "என் கண்ணுலயா? கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கறேன்டா நான்! கிகுச்சி! எரியுதா, எரியலையா?"

கிகுச்சி வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஆமாமும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்து வராமல் போன ஆள் மாதிரி நின்றார்.

"கழட்டுங்க," என்றார் முதலாளி.

அவ்வளவுதான், முடிந்தது. ஹியோடோ கம்பி அறுந்துவிடாமல் விளக்கை மெல்ல மேஜைமேல் வைத்தான். மேஜைமேல் கிகுச்சியின் பட்டியல் கிடந்தது.

"நில்லுங்க," என்றார் முதலாளி. "அந்தக் காகிதம் ஏன் எரியுது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினான்கு மஞ்சள் கோடுகளில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தவை எல்லாம் அந்த நீலத்தை வாங்கி, மஞ்சளாக, தணல் மாதிரி ஒளிர்ந்துகொண்டிருந்தன. வாயுக் குழாய், ஒளிர்ந்தது. அடைப்பு வளையம், ஒளிர்ந்தது. நீலக்கல் தகடு தாங்கி, ஒளிர்ந்தது.

"ஹைலைட்டர் மை முதலாளி," என்றார் கிகுச்சி பயந்துபோய். "கடையில வாங்கினது."

முதலாளி காகிதத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கோடுகள் அணைந்தன. மறுபடி தள்ளினார். எரிந்தன. இழுத்தார், தள்ளினார். தகர டப்பாவிலிருந்து தொடங்கி ஐம்பது வருஷமாக விளக்கு செய்கிற மனுஷன். காகிதம் தானாக எரியாது, ஏதோ ஒன்று அதன்மேல் அடிக்கிறது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசியாகத் தன் கையை விளக்குக்கும் காகிதத்துக்கும் நடுவில் நீட்டினார். ஒளிர்ந்த கோடுகளின் குறுக்கே ஐந்து விரல் நிழல் விழுந்தது.

"என் கை நிழல்," என்றார். விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். "நிழல் விழுதுன்னா வெளிச்சம் இருக்கு."



"எனக்கு அந்தக் கோட்டு ஓரத்துல காகிதம் வெள்ளையாவே தெரியுதே, நீல வெளிச்சமும் மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்து," என்றாள் தொமியே. அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பின்னாளில் உலகம் முழுக்க வெள்ளை எல்.இ.டி. பிறந்தது அந்தச் சேர்க்கையில்தான், ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலாளி திரும்பினார். "பிப்ரவரியில இது எரிஞ்சது யார் யாருக்குத் தெரிஞ்சுது? கையைத் தூக்குங்க."

முதலில் தொமியே தூக்கினாள். அப்புறம் பிரிவுத் தலைவர்கள், ஒவ்வொருவராக. கிகுச்சியின் கை தோள்வரை வந்து நின்று, பிறகு மேலே போனது. கடைசியில் ஹியோடோ.

"நீயுமா?"

"ஆமாங்க."

"நாலு வருஷம் உசிரைக் கொடுத்துச் செஞ்சுட்டு, நான் எரியலன்னா நீயும் எரியலன்னுடுவியா?" முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "ஆமாம் போட எனக்கு அறுபது பேர் இருக்காங்க. எனக்குத் தெரியாத ஒண்ணை எனக்குக் காட்டத்தானேடா உனக்கு உலை வாங்கிக் கொடுத்தேன்!"

ஹியோடோ குனியவில்லை. நேராக நின்று அழுதான். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து, உலைக்கென்று கொண்டுவந்த சாக்கேயைத் திறந்து பாட்டிலோடு ஒரு மடக்குக் குடித்தார். ஸ்பேனர்காரர்களைப் பார்த்து, "இன்னும் என்ன வேடிக்கை? போய் வேலையைப் பாருங்க," என்றார். அவர்கள் உலையைத் தொடாமல் போனார்கள்.

ஏப்ரல் நடுவில் வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. மறுநாள் கட்டு அவிழ்க்கும்போது முதலாளி தன் மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

"உன் மூஞ்சியை ஐம்பது வருஷமாப் பார்த்தாச்சு. முதல்ல அவனை வரச் சொல்லு."

"நல்லா இருக்கு! அந்த விளக்கையே கட்டிக்குங்க," என்று சொல்லிவிட்டு அந்தம்மா ஹியோடோவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கிகுச்சி பழக்கூடையோடு ஏற்கெனவே ஒரு மூலையில் நின்றிருந்தார்.

நர்ஸ் கட்டை எடுத்தாள். ஹியோடோ ஸ்விட்சைப் போட்டான்.

முதலாளி பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. கை தானாக எழுந்து விளக்கின் பக்கம் வந்து, தொடாமல் நின்றது. அந்தப் புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அழக்கூடாது, அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது!" என்று நர்ஸ் பஞ்சோடு ஓடிவந்தாள்.

"நான் அழலம்மா. வெளிச்சம் கூசுது," என்றார் முதலாளி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஹியோடோவைப் பார்த்தார். "ரொம்பத்தான் எரியுது. கொஞ்சம் குறைச்சு வை."

"ஆமாங்க, அதிகம்தாங்க," என்றார் கிகுச்சி மூலையிலிருந்து.

"முடியாதுங்க முதலாளி," என்றான் ஹியோடோ. "இது போதாது. இன்னும் கூட்டப் போறேன்."

பழக்கூடை கிகுச்சியின் கையில் ஆடியது. முதலாளி அந்தப் புதுக் கண்ணால் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வருஷக்கணக்காக யாரும் கேட்காத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"கூட்டுடா," என்றார்.